குடிநோயும் குடியரை இகழ்வாரும்

கள்ளுஞ் சாராயமும் குடிகெடுக்கும் என்பதில் அறிவுடையார் எவர்க்கும் ஐயமில்லை. திருவள்ளுவனார் கள்ளுண்ணாமையை ஓரதிகாரத்தால் வற்புறுத்தினார். அடுத்துச் சூதினைக் கடிந்து, அதன்பின் மருந்தென்னும் அதிகாரத்தை நிறுவினார். கள்ளைக் கடிந்த அப்பெருந்தகையே, நோயின் முதலை ஆராய்ந்து நோயாளியின் நிலையுங் காலமும் நோக்கி மருத்துவஞ் செய்க என்றும் அறிவுறுத்தினார். இக்காலத்து மதுவைக் கண்டிக்கப் புகுந்தாரிற் பலர் முன்னைய அதிகாரத்தை நெட்டுருச் செய்து, பின்னையதை ஏடு புரட்டியும் பாராதவராய் இருக்கின்றனர்.

அன்னோர் கூறுவது யாதோவெனின், குடி ஒரு நோயன்று, மனக்கொழுப்பே. உறுதியுடையான் நினைத்த அன்றே விடுவான். விடாதவனை ஓரறையிலிட்டு நான்கு நாட் பூட்டிவைத்தால் தானே தெளிவான். அதற்கும் அடங்காதவனுக்கு அடியே மருந்து என்பதாம். இக்கூற்று மேடைக்குப் பொலிவு தருவது; கேட்போருங் கைகொட்டுவர். ஆயின், அதனை நம்பி வீட்டிற் செய்து பார்த்தாருள் தாலியிழந்த மகளிரும் உளர்.

குடிப்பழக்கத்தை நோயென்றல் சோம்பேறிகளுக்குச் சாக்குத் தேடித்தரும் இக்காலப் புதுமை என்பர் சிலர். அது வரலாறறியார் கூற்று. 1788ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டிராட்டர் என்பார் குடிமயக்கம் பற்றிய ஆராய்ச்சியுரையையே தம் பட்டத்திற்கு அளித்தார். கப்பற்படை மருத்துவராய்த் தொண்டாற்றிய அவர், 1804இல் வெளியிட்ட நூலிற் குடிப்பழக்கத்தை மனத்தைப் பற்றிய நோயென்று கூறினார். சுவீடன் நாட்டு மாக்னஸ் ஹஸ் 1849இல் ஆல்கஹாலிசம் என்னும் பெயரையே அதற்கிட்டார்.

இனி, மனக்கொழுப்பென்பது பொருந்துமோ? டென்மார்க்கு நாட்டிற் குடிநோயர்க்குப் பிறந்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே பிறர் வீட்டிற்குத் தத்தாகச் சென்று வளர்ந்த ஆண்மக்களை ஆராய்ந்து, டொனால்டு குட்வின் குழுவினர் 1973இல் வெளியிட்டனர். அம்மக்களுள் நூற்றுக்கு 18 பேர் குடிநோயராயினர்; குடிநோயரல்லாதார்க்குப் பிறந்து அவ்வாறே தத்தாகச் சென்றாருள் நூற்றுக்கு 5 பேரே ஆயினர். கொழுப்பு தொட்டிலிலேயே தொற்றிக்கொண்டது போலும்! நோயென்றமையாற் குடியன் செய்த தீங்கெல்லாம் மறையுமென வெகுளுதலும் வேண்டா. நீரிழிவுடையான் இனிப்புண்டு நோய் பெருக்குவனாயின் அவனைக் கடிந்துரைப்பர்; அதுபற்றி இன்சுலின் ஊசியை மறுப்பாரில்லை.

பூட்டிவைத்தல் என்னும் வைத்தியமே இவற்றுட் கொடிது. நெடுநாட் குடித்தவன் திடீரென நிறுத்தின் கைந்நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் தோன்றுதல் பண்டே அறியப்பட்டது. அவை மது நீங்கியதால் வருவன அல்ல, குடியன் சோறுண்ணாது கிடத்தலால் வருவன என்று மருத்துவருட் பலருங் கருதியிருந்தனர். அக்கருத்தைத் தகர்த்தது, அமெரிக்காவிற் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் செய்து 1955இல் வெளியிட்ட ஆய்வு. முன்பு மார்பின் பழகித் தண்டனை பெற்றிருந்த ஆடவர் சிலரை அதற்குக் கொண்டனர். (சிறைப்பட்டாரை இத்தகைய ஆய்வுக்கு உட்படுத்துதலை இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது, அதுவும் ஈண்டுச் சொல்லற்பாலதே.) அவர்கட்கு நல்லுணவும் உயிர்ச்சத்துக்களுங் குறைவின்றி அளித்து, மதுவும் நாள்தோறும் அளித்தனர். அறுவர் 48 முதல் 87 நாள் வரை குடித்தனர். நிறுத்தியபின் அவ்வறுவருக்கும் நடுக்கமும் வியர்வையுந் தோன்றின. சிலர்க்கு வலிப்பும், இல்லாதன கண்டு பிதற்றலும் வந்தன. வயிறார உண்டார்க்கே இவ்வாறாயின், குற்றம் பட்டினியின் மேலதன்று என்பது வெளியாயிற்று.

இதன் காரணமும் பின்னர் விளங்கிற்று. மது மூளையின் நரம்புகளை அடக்குவது. நாள்தோறும் அடக்கப்படும் மூளை, தன் தொழில் குன்றாமைப்பொருட்டு எதிர்விசையைப் பெருக்கிக்கொள்ளும். கதவின் ஒருபுறத்தே ஒருவன் தள்ள, மறுபுறத்தே மற்றொருவன் எதிர்த்துத் தள்ளி நிற்க, முன்னவன் திடீரென விலகின் பின்னவன் தலைகுப்புற வீழ்வானன்றோ? மது நீங்கிய மூளையும் அத்தகையதே. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம். முதலிரண்டு நாளுள் வலிப்பு. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிற் சன்னிப் பிதற்றல். மேடையிற் பேசுவோர் பூட்டிவைக்கச் சொல்லும் நான்கு நாள் இவையே! அச்சன்னி கண்டாருள் முற்காலத்தே நூற்றுக்கு முப்பதின்மருக்கு மேலும் இறந்ததுண்டு; தக்க மருத்துவம் பெறுவாருள் இன்று ஐவர்க்குங் குறைவு. இம்மாற்றத்தை விளைத்தது வசைமொழியன்று. குளோர்டயஸெபாக்சைடு முதலிய மருந்துகளை முதலிற் போதிய அளவிற் கொடுத்து நாட்படக் குறைத்தலும், தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றுதலும், இடையறாக் கண்காணிப்புமே விளைத்தன. தயமின் குறைந்தவிடத்து, 1881இல் கார்ல் வெர்னிக்கே விளக்கிய மூளைநோய் தோன்றி, கண் சுழன்று, நடை தள்ளாடி, நினைவும் அழிந்தொழியும். அவனைக் கண்டு, இன்னும் போதை தெளியவில்லை என்று கதவை மீண்டுஞ் சாத்துவார் உளர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டுக் கடைகள் ஒருங்கே அடைக்கப்பட்டன. நாடு முழுதுமே பூட்டிய அறையாயிற்று. கேரளத்தில் மது கிடையாமையாற் குடிநோயர் சிலர் தற்கொலை செய்துகொண்டனர். அம்மாநில அரசு மருத்துவர் சீட்டின்மேல் மது வழங்க மார்ச்சு 30இல் ஆணையிட, உயர்நீதிமன்றம் ஏப்பிரல் 2இல் அதனைத் தடுத்தது. தடுத்தது தக்கதே; மது மருந்தன்று. ஆயின், மருந்தாவது இன்னதென்பதை ஊரார் அறியாதிருந்தமையே அத்துயரத்தின் முதல்.

மற்றொரு சாரார் மருந்தை ஒப்புவர். ஆனாற் களவாற் கொடுப்பர். “குடிப்பவருக்குத் தெரியாமல் உணவிற் கலந்து கொடுக்கலாம்” என்னும் விளம்பரங்களைக் காணாதார் அரியர். டைசல்பிராம் என்பது, கோபன்ஹேகன் நகரில் ஜென்ஸ் ஹால்டு, எரிக் யாக்கப்சன் என்னும் இருவர் குடற்புழு மருந்தாகத் தம்மேல் ஆய்ந்துகொண்டிருக்கையில், மதுவருந்தியவிடத்து முகஞ்சிவந்து நெஞ்சு படபடத்தலைக் கண்டு, 1948இல் உலகுக்கு அறிவித்தது. உண்டவன் மதுவைத் தொட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர்க்கே இறுதி நேர்தலும் உண்டு. அதனை அறிந்து உண்பவனுக்கு அவ்வச்சமே காப்பு. அறியாது உண்பவனுக்கு அச்சமும் இல்லை, காப்பும் இல்லை. அன்பால் மனைவி குழம்பிற் கலந்த பொடி கணவனுக்கு நஞ்சாய் முடிதல் கூடும். விற்றவனோ பணத்தை எண்ணிக்கொண்டிருப்பான்.

மருந்துண்டவனும் மீண்டுங் குடிக்கின்றானே, பயனென்னை என்பது அவர்தம் இறுதிப் படைக்கலம். நால்ட்ரெக்சோன் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 1994இல் இந்நோய்க்கு ஒப்புக்கொண்டது. அகாம்ப்ரோசேட் அதற்குமுன்பே பிரான்சில் வழங்கியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த கணக்கின்படி, முன்னதைப் பன்னிருவர்க்குக் கொடுப்பின் ஒருவர் பெருங்குடிக்கு மீளாது தடுக்கப்படுகின்றார். பின்னதைப் பன்னிருவர்க்குக் கொடுப்பின் ஒருவர் குடிக்கே மீளாது தடுக்கப்படுகின்றார். இது சிறிதென்று நகைப்பவர், இரத்தக் கொதிப்புடையாரும் இளைப்பு நோயினரும் மருந்தையும் பத்தியத்தையுங் கைவிட்டு மீண்டும் நோய்ப்படுதல் இதனினுங் குறைந்ததன்று என்பதை எண்ணுக. அவரை எவரும் அறையிற் பூட்டுவதில்லை. மருந்தொன்றே போதுமென்பதுமில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிற் குடிநோயர் இருவராற் றொடங்கப்பெற்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டுறவை, அதன்பாற் சேர்ப்பிக்கும் முறையான மருத்துவத்தோடு ஆராய்ந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, முற்றும் குடியாதிருத்தற்கு அது பிற உளமருத்துவ முறைகளினும் மேற்பட்டதாகக் கண்டது.

மதுவிலக்குச் சட்டமே போதுமென்பாரும் உளர். 1937இற் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அதனைத் தொடங்கினார். புதியோர் பழகாமற் காத்தற்கு அது பெரிதும் உதவும். பழகி நோய்ப்பட்டார்க்குச் சட்டப் புத்தகம் மருந்தாகாது. நடுவணரசு 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பிற்படி, பாரத நாட்டில் மதுவுக்கு அடிமைப்பட்டாருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் மருத்துவம் பெற்றவர்; மருத்துவமனையிற் றங்கி மருத்துவம் பெற்றவர் 180 பேரில் ஒருவர். எஞ்சினார்க்கு வேண்டும் மருத்துவர் இலரெனச் சாக்குச் சொல்வார்க்குக் கோவா விடை கூறுகின்றது. ஆங்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்குறுமளவு குடித்துவந்த ஆடவர் 377 பேரை இரு கூறாக்கி ஆராய்ந்து, 2017இல் லான்செட்டு இதழில் வெளியிட்டனர். ஒரு கூற்றார்க்கு, மனநல மருத்துவம் பயிலாத, பயிற்சிமட்டும் பெற்ற பொதுமக்கள் நான்கு முறைக்கு மேற்படாது அமர்ந்து அறிவுரை கூறினர். மூன்று திங்களில் அக்கூற்றாருள் நூற்றுக்கு 42 பேர் மதுவை முற்றுந் தவிர்த்திருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றாருள் 18 பேர்.