ஏழரைச் சனியா? எழுபது மணி வேலையா?

2024ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பூனாவில் 26 வயதுள்ள ஒரு பெண் இறந்துபோனார். ஆடிட்டர் பரீட்சையில் தேறி, உலகமெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய தணிக்கைக் கம்பெனியில் உத்தியோகம் ஏற்று நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. இரவென்றும் ஞாயிறென்றும் பாராமல் சுமத்தப்பட்ட வேலைதான் தம் மகளைக் கொன்றது என்று அவருடைய தாயார் கம்பெனித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அடக்கத்தன்று கம்பெனியிலிருந்து ஒரு ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றும் எழுதினார். வேலைப் பளுவினால் அந்த உயிர் போயிருக்கும் என்று தாம் நம்பவில்லை என்பது தலைவரின் பதில்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வைத்தியரும் அல்ல, நீதிபதியும் அல்ல. ஆனால் அடுத்து நடந்த காரியம் நம் போன்றவர்கள் பேச வேண்டிய காரியமேயாகும். செப்டம்பர் மாதம் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் பேசிய இந்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அம்மையார், இச்சம்பவத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டி, நெருக்கடியைத் தாங்கும் உள்வலிமையைக் கல்லூரிகளும் பெற்றோரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்றும், அந்த உள்வலிமை தெய்வ நம்பிக்கையினால்தான் வரும் என்றும் கருத்துப்படப் பேசினார். கண்டனம் கிளம்பிய பிறகு, இறந்த பெண்ணைக் குறை கூறுவது தம் நோக்கமல்ல என்று சமாதானமும் சொன்னார். இருக்கட்டும். நோக்கத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. யோசனையைப் பற்றித்தான் வழக்கு. மனிதன் தலையில் மனிதன் ஏற்றிய சுமைக்குக் கடவுளிடம் போய் முட்டுக் கேட்பானேன்? ஏற்றியவனிடமே இறக்கச் சொல்லிக் கேட்டால் என்ன?

இந்த யோசனை மந்திரியோடு நின்றுவிடவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் கம்பெனியில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்குத் தூக்கம் போய்விடுகிறது, சோறு இறங்குவதில்லை, யார் பேசினாலும் எரிந்து விழுகிறான், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமானால் வயிற்றைப் புரட்டுகிறது. உடனே பெற்றவர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஏழரைச் சனி, திருநள்ளாற்றுக்குப் போ என்கிறான் ஜோசியன். பையனுக்கு லீவு கிடைப்பதில்லை. ஆகவே ஒரு ராத்திரி பஸ்ஸில் போய் முழுக்குப் போட்டுவிட்டு, மறு ராத்திரி பஸ்ஸில் திரும்பி, திங்கட்கிழமை காலையில் நாற்காலியில் உட்காருகிறான். சனி விட்டதோ இல்லையோ, இரண்டு ராத்திரித் தூக்கம் விட்டது! சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம் எடுத்துக்கொள்ளும் ஒரு கிரகத்துக்கு, இந்தப் பையனுடைய மானேஜர் யார், அவன் ராத்திரி 11 மணிக்கு என்ன வேலை அனுப்பினான் என்பதெல்லாம் எப்படித் தெரியும் என்று பி.இ. படித்த பிள்ளையும் கேட்பதில்லை, எம்.ஏ. படித்த தகப்பனும் கேட்பதில்லை.

இந்த நிலைமைக்கு இங்கிலீஷில் 'பர்ன் அவுட்' என்று பெயர். எண்ணெய் தீர்ந்த பிறகும் விளக்கு எரிந்தால் திரியே கருகும் அல்லவா, அதுதான். 1974இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர் இதைப் பற்றி எழுதினார். அவர் பகலில் தம் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் ஏழைகளுக்கான இலவச வைத்தியசாலையில் உழைத்தவர். தம்முடன் உழைத்த தொண்டர்களும், ஏன், தாமுங்கூட இப்படிக் கருகிப்போனதைக் கண்டு எழுதினார். சோம்பேறிக்கு வருகிற நோயல்ல இது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். யார் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறானோ, யார் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவனோ அவனைத்தான் முதலில் பிடிக்கிறது. பிறகு கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்து, எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு, தொழிலின்பேரிலும் மனிதர்பேரிலும் ஒரு கசப்பு, தன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள் என்று சொல்லி, 1981இல் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலையும் தயாரித்தார்.

2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்று, 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. இது ஒரு வியாதி என்று அல்ல, தொழில் சம்பந்தமான ஒரு நிலை என்றே அதில் எழுதியிருக்கிறார்கள். காரணம் என்ன? வேலை செய்யும் இடத்தில் நீடித்துத் தீராமலே கிடக்கும் நெருக்கடி. கிரகம் என்று ஓரிடத்திலும் இல்லை. முன்ஜென்ம வினை என்றும் இல்லை. உள்வலிமைக் குறைவு என்றும் இல்லை. வேலை செய்யும் இடம் என்றுதான் இருக்கிறது!

நிற்க, அந்த இடத்தின் எஜமானர்கள் என்ன சொல்லுகிறார்கள்? 2023 அக்டோபரில் இன்போசிஸ் ஸ்தாபகர் நாராயணமூர்த்தி, வாலிபர்கள் நாட்டுக்காக வாரம் 70 மணி வேலை செய்ய முன்வர வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனித் தலைவர் பேசியது வெளிவந்தது: 90 மணி, ஞாயிற்றுக்கிழமை உள்பட, வீட்டில் இருந்தால் எவ்வளவு நேரம் பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று ஒரு கேள்வி வேறு. கணக்குப் போடுவோம். 70 மணி என்றால் ஆறு நாளும் தினம் 11 மணி 40 நிமிஷம். 90 மணி என்றால் ஏழு நாளும் 13 மணிக்குச் சற்றே குறைவு. பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்கும் நேரம் தனி. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததன் காரணமாக மூளை ரத்தக்குழாய் நோயாலும் மாரடைப்பாலும் 2016 ஒரே வருஷத்தில் உலகில் ஏறக்குறைய 7,45,000 பேர் செத்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 55 மணிக்கே இந்தக் கதி. வாரம் 48 மணி என்று தொழிலாளிக்காக ஒப்பந்தம் ஏற்பட்டது 1919இல். இந்தியத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் வாரம் 60 மணி என்ற விதிவிலக்கோடு இந்தியா அதை ஒப்புக்கொண்டது 1921இல். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது 1923இல். பஞ்சாலைக் கூலிக்கு நூறு வருஷத்துக்கு முன் ஒப்புக்கொண்டதை, கண்ணாடிக் கட்டிடத்துக் கூலிக்கு இன்று இல்லையென்கிறார்கள். அவனும் கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு, தன்னைக் கூலி அல்ல, 'புரொபஷனல்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பெண்டாட்டி முகத்தைப் பற்றிப் பேசியவருக்கு ஒரு வார்த்தை. 90 மணி உழைக்கிறவனுக்குச் சோறு பொங்குவது யார்? அந்தப் பெண்ணும் உத்தியோகம் பார்ப்பவளாயிருந்தால்? 2019ஆம் வருஷத்து சர்க்கார் கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் தினம் 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிஷம். ஆபீசில் எரிந்தது போதாதென்று அடுப்படியிலும் எரிய வேண்டும் போலும்!

நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில், சில சமயம் தெருவிலேயே, முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவன் அவன். தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், தம்பி படிப்பு எல்லாம் அவன் தலையில். 'கோட்டாவில் வந்தவன்' என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு நடுவே, மற்றவன் ஒரு பங்கு செய்தால் தான் இரண்டு பங்கு செய்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறான். களைத்துப் போனேன் என்று யாரிடம் சொல்லுவான்? அப்பாவிடம் சொன்னால், "நான் வெயிலில் மண் சுமந்தேன், உனக்கு ஏ.சி. ரூமில் என்னடா கஷ்டம்?" என்கிறார். அவர் சொல்வது அன்பில்லாமல் அல்ல. ஆனால் முதுகு வலி கண்ணுக்குத் தெரியும், இந்த வலி தெரியாது.

இப்படிப்பட்டவன் போக வேண்டிய இடம் மனநல ஆலோசகரிடமே என்று சொல்லுகிறோம். இங்கிலீஷில் 'தெரபி' என்பார்கள். அங்கே என்ன செய்கிறார்கள்? மயக்க மருந்தில்லை, மந்திரமில்லை. கேள்வி கேட்கிறார்கள். நமக்குக் காலேஜ் படிப்புக் கிடையாது. ஆனாலும் இந்த வைத்தியத்தைப் பற்றிப் படித்தபோது, நம்முடைய வேலையைத்தான் இவர்களும் செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டோம். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்கர், கடவுள் நம்பிக்கையில்லாதவர், 1950களின் மத்தியில் ஏற்படுத்திய முறைக்குப் பகுத்தறிவு வைத்தியம் என்றே பெயர் வைத்தார்! மனிதனைச் சம்பவம் மட்டும் வாட்டுவதில்லை, அதைப் பற்றி அவன் ஆராயாமல் நம்பிக்கொண்டிருப்பதும் வாட்டுகிறது என்பது அவர் கட்சி. 1960களில் ஆரன் பெக் என்ற டாக்டரும் இதே வழியில் வந்தார்.

உதாரணமாக, "ராத்திரி வந்த மெயிலுக்கு உடனே பதில் போடாவிட்டால் என் வேலை போய்விடும்" என்று ஒருவன் நம்புகிறான். ஆலோசகர் அந்த எண்ணத்தைக் காகிதத்தில் எழுதச் சொல்லுகிறார். இதற்குச் சாட்சி என்ன, எதிர்ச் சாட்சி என்ன, இதுவரை எத்தனை பேருக்கு அப்படிப் போயிற்று என்று கேட்கிறார். பிறகு, இரண்டு ராத்திரி பதில் போடாமல் தூங்கிப் பார், என்ன நடக்கிறதென்று எழுதிக்கொண்டு வா என்கிறார். "நான் ஒருபோதும் தவறக்கூடாது", "எல்லோரும் என்னை மெச்ச வேண்டும்", "ஓய்வெடுத்தால் நான் உதவாக்கரை" என்பவையெல்லாம் யாரும் நேரில் கண்டிராத தெய்வங்கள். ரேங்க் கார்டில் ஆரம்பித்துப் பிள்ளைகளை அவற்றின் முன் விழச் செய்கிறோம். அவற்றைப் பரீட்சை செய்து பார்ப்பதுதான் இந்த வைத்தியம். கூடவே தூக்கத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். 'முடியாது' என்று மரியாதையாகச் சொல்லப் பழக்குகிறார்கள். களைப்பு முற்றி மனச்சோர்வு நோயாகிவிட்டிருந்தால், அல்லது சாகலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், மனநல டாக்டரிடம் அனுப்புகிறார்கள்; மருந்து வேண்டியவனுக்கு மருந்தும் உண்டு.

"பைத்தியக்கார டாக்டரிடமா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. டாக்டரிடம் போக வெட்கப்பட்டு வேறெங்கே கொண்டுபோய் விட்டோம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்கா மகிமையால் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் 28 பேர், கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். அந்தச் சங்கிலியை மாட்டியது வெட்கமும் மூடநம்பிக்கையும் சேர்ந்துதான்.

ஆனால் கம்பெனிக்காரன் இதை வைத்து நம்மை ஏமாற்ற இடங்கொடுக்கக் கூடாது. 70 மணி வேலை வாங்கிக்கொண்டு, மாடியில் ஒரு தியான அறையையும் வாரத்துக்கொரு யோகா வாத்தியாரையும் வைத்துவிட்டு, "உன் மனதைச் சரிப்படுத்திக்கொள்" என்பது, மாட்டுக்கு லாடம் மாற்றிவிட்டு வண்டியில் பாரத்தைக் கூட்டுவது போன்றதே. வைத்தியம் மனிதனுக்கு அறிவையும் தெம்பையும் கொடுக்கும். வேலை நேரத்தைக் குறைக்காது. அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும். உண்மையில், "தப்பு என்மேல்தான்" என்ற எண்ணம் போன பிறகுதான் ஒருவன் சங்கத்தில் கையெழுத்துப் போடவே வருவான்.

செலவுக்கு எங்கே போவது என்பார்கள். தனியார் ஆலோசகர் கட்டணம் எல்லோருக்கும் கட்டாது என்பது வாஸ்தவம். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் ஸ்தாபனங்களில் மனநல வைத்தியம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் முதல் 'டெலி மானஸ்' என்ற இலவச டெலிபோன் உதவியும் நடக்கிறது. 14416 என்ற நம்பரில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டியது டாக்டருடைய கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது.