நண்பகல் 12 மணி ஒழுக்கம்

2023 ஜூலையில் தமிழக மதுவிலக்குத் துறை அமைச்சர் சு.முத்துசாமி சங்கடமான ஓர் உண்மையைப் போட்டுடைத்தார். கடினமான உடலுழைப்புக்குப் போகிறவர்களில் சிலர் காலையிலேயே குடிக்கிறார்கள். அவர்களைக் குடிகாரர்கள் என்று இழிவாகப் பேசுவதை ஏற்க முடியாது என்ற பொருளில் சொன்னார். ‘கட்டிங்’ அளவான 90 மில்லியைக் காகிதப் பெட்டியில் அடைத்து விற்கும் யோசனையும் அப்போதுதான் பேசப்பட்டது. எதிர்க்கட்சிகள் கொதித்தன, தொலைக்காட்சிகள் விவாதித்தன, கேலிப்படங்கள் பறந்தன. ஆனால், இரவு பத்து மணிக்குக் கடை மூடுவதற்கு முன் முண்டியடிக்கும் கூட்டம் இவர்களில் யாரையும் அவ்வளவு உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஒரே சரக்கு, ஒரே அளவு. சூரியன் மறைந்த பிறகு என்றால் கண்டும் காணாமலும் போகிறோம். பட்டப்பகலில் என்றால் மானம் போய்விட்டதாகக் குமுறுகிறோம். இந்தப் பாகுபாட்டுக்கு உடல்நலம் காரணமாக இருக்க முடியாது. கல்லீரலுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

2016 மே 23 அன்று மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதா, காலை 10 மணிக்குத் திறந்துகொண்டிருந்த அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளை நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று அன்றே உத்தரவிட்டார். 500 கடைகளை மூடும் உத்தரவும் கூடவே வந்தது. மக்களிடம் நல்ல பெயர் பெற்ற முடிவு அது. பின்னர் கரோனா காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 2020 மே 7 அன்று கடைகளை மறுபடி திறந்த அரசு, காலை 10 முதல் மாலை 5 வரை என்று நேரம் வைத்தது. பகல் குடியைத் தூற்றிய மாநிலத்தில் பகலில் மட்டுமே மது கிடைத்தது. அதைப் பற்றி ஒழுக்கப் பிரசங்கம் எதுவும் அப்போது காதில் விழவில்லை.

மதுவுக்கு நேரம் குறிக்கும் பழக்கம் ஆலைகளோடு வலுத்தது. முதல் உலகப் போரில் பிரிட்டனில் வெடிமருந்து உற்பத்தி பாதிக்கப்படுவதாக அமைச்சர் லாய்ட் ஜார்ஜ் மதுவைச் சாடினார். 1915-ல் அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், மதியம் இரண்டரை மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று பல பகுதிகளில் மதுக்கூடங்களின் நேரத்தைச் சுருக்கியது. இரண்டுக்கும் இடையிலான அந்தப் பிற்பகல் அடைப்பு போர் முடிந்த பிறகும் நீங்கவில்லை. இங்கிலாந்தில் அதை ஒழிக்க 1988 வரை ஆனது. அவசரத்துக்குப் போட்ட உத்தரவு இரண்டு தலைமுறைக்குள் பண்பாடாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வுக்குள் நுழைவதற்கான அடையாளமே மது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோசப் கஸ்ஃபீல்ட் விளக்கியதும் இந்த ஆலைச்சங்கு உலகத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

வேறு வழக்கங்களும் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் வெள்ளை சாசேஜும் கோதுமை பீரும் நண்பகலுக்கு முந்தைய சாப்பாடு. பிரான்ஸின் தொழிலாளர் சட்டம் பணியிடத்தில் மதுவகைகளைத் தடுத்தாலும் ஒயினுக்கும் பீருக்கும் விலக்கு தருகிறது. நம் பக்கத்திலேயே, கேரளத்துக் கள்ளுக்கடையில் கப்பையும் மீன்கறியும் வைத்து மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடலாம். விடியலில் இறக்கிய கள் நேரம் ஏற ஏறப் புளிக்கும் என்பதால், இனிப்பு மாறாமல் குடிக்க விரும்புகிறவர் காலையிலேதான் குடித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அந்தக் கள்ளுக்கு 1987 ஜனவரி முதல் தடை.

இந்த உதாரணங்களைக் காட்டி ‘நாமும் பகலில் குடித்தால் என்ன’ என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. பவேரியரின் அரை லிட்டர் பீரில் சுமார் 25 மில்லி சாராயச்சத்துதான் இருக்கும். 42.8 சதவீதம் கொண்ட டாஸ்மாக் குவார்ட்டரில் இருப்பது 77 மில்லி. அதுவும் உட்கார இடமின்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் உள்ளே போகிறது. சோற்றோடு சேர்ந்த பானத்தையும் இதையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

யாருடைய பகல் இது என்பதையும் கேட்க வேண்டும். கோயம்பேடு சந்தையில் நள்ளிரவில் லாரி வந்ததும் மூட்டை தூக்கத் தொடங்குபவருக்குக் காலை ஒன்பது மணிதான் சாயங்காலம். இரவெல்லாம் கடலில் வலை இழுத்துவிட்டுக் கரையேறுபவருக்கும் அப்படித்தான். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் அந்த நாற்றத்தைத் தாங்க வேலைக்கு முன் குடிப்பதாகச் சொல்வது ஊரறிந்த செய்தி. 2013-ல் சட்டம் போட்டும் அந்த வேலையை ஒழிக்காத சமூகம், அவர்கள் வாயிலிருந்து வரும் வாடையைக் கண்டு முகம் சுளிக்கிறது. நட்சத்திர ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தொடங்கும் விருந்தில் கோப்பை நிறைந்தால் அதற்குப் பெயர் வாழ்க்கைமுறை. சுவர் மறைவாக நடப்பதால் நம் கோபம் அங்கே எட்டுவதில்லை.

ஆனாலும், காலையில் குடிக்கிற எல்லோரும் இரவுப் பணி முடித்தவர்கள் அல்லர். முத்துசாமியின் பேச்சில் விடுபட்டது இதுதான். இரவு 10-க்கு மூடி மறுநாள் 12-க்குத் திறந்தால் இடைவெளி 14 மணி நேரம். மதுவுக்கு அடிமையான உடலில் கடைசி மிடறுக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கிவிடலாம். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிரும் போகக்கூடும். 1984-ல் ஜான் யூயிங் என்ற மருத்துவர் வெளியிட்ட, குடிநோயைக் கண்டறிய இன்றும் உலகெங்கும் பயன்படும் நான்கு கேள்விகளில் கடைசிக் கேள்வி, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குடித்ததுண்டா என்பதுதான். மருத்துவருக்கு அது நோய்க்குறி. நமக்கு அது ஒழுங்கீனம்.

நண்பகல் திறப்பால் எப்போதாவது குடிப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. நடுங்கும் கையோடு விழிப்பவர்தான் சந்துக்கடையைத் தேடிப்போய்க் கூடுதல் விலை கொடுக்கிறார். எங்கும் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதைக் கேரளம் 2020-ல் பார்த்தது. ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டதும் தற்கொலைகள் நிகழ, மருத்துவச் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அந்த அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஏப்ரலிலேயே தடை விதித்தது. நோயாளிக்கு மதுவை மருந்தாக எழுதித் தருவது தவறு என்பதில் மருத்துவர்கள் சரி. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் உரிய மாத்திரைகள் உண்டு, சில நாள் கண்காணிப்பில் பெரும்பாலோரை அந்த அவதியிலிருந்து மீட்கலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

ஆகவே, கடையைக் காலை ஏழு மணிக்குத் திறப்பதும் வேண்டாம், பிற்பகல் இரண்டு மணிக்குத் தள்ளி வைத்துவிட்டுப் பெருமைப்படுவதும் வேண்டாம். வேண்டியது சிகிச்சை. அதற்குப் பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது: 2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. பதினொன்றரை மணிக்கே மூடிய ஷட்டருக்கு முன் காத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க வீடு வீடாக அலையக்கூட வேண்டாம். ஒவ்வொரு கடையின் முகவரியும் அரசிடமே இருக்கிறது. அந்தத் திட்டத்தின் செவிலியர் ஒருவரை அங்கே அனுப்ப என்ன தடை?