பாட்டைக் குறைத்தால் நவீனமா?

முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நானும் சொல்லிவந்த கதைதான். கூத்திலும் இசை நாடகத்திலும் பாட்டு மலிந்து கிடந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். உரைநடை வசனம் மேலோங்கியது. தமிழ் நாடகம் நவீனமடைந்தது. இப்படி எழுதிய மாணவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். இன்று அந்தக் கதையை மறுக்கிறேன்.

பம்மலின் பணியைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். பாட்டுக் குறைவதே நவீனத்தின் அளவுகோல் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நேர்ந்தது வேறு. 1927-இல் ‘ஷோ போட்’, 1943-இல் ‘ஒக்லஹோமா!’ ஆகிய நாடகங்கள் பாட்டை விலக்கவில்லை. அதற்குக் கூடுதல் வேலை கொடுத்தன. கதையை நிறுத்திவிட்டுப் பாடுவது போய், பாட்டே கதையை நடத்தலாயிற்று. அதைத்தான் நவீன இசை நாடகத்தின் பெருந்திருப்பம் என்று போற்றுகிறார்கள்.

நம் கூத்தில் வேடம் திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே வெளிப்படுகிறது; தான் இன்னார் என்று பாட்டாலேயே அறிவிக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வதும் பாட்டில்தான். கதைக்குச் சுமையான பாட்டுகளும் அந்த மேடையில் இருந்தன, மறுக்கவில்லை. அது அந்தப் பாட்டுகளின் குறை. பாட்டு என்னும் வடிவத்தின் குறையன்று.

நான் வாழும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில், கூத்தைத் தொழிற்சாலைகள் அழித்துவிட்டன என்று புலம்புவோர் உண்டு. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கு இரவு ஷிப்ட் போகிறவர் வர முடியாதுதான். ஆனால் கூத்தாடியின் மகனான என் மாணவர் ஒருவர் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசினாரே, அந்தக் கூச்சத்தை எந்த ஆலை உற்பத்தி செய்தது? நம் பாடநூல் அல்லவா?

இத்தனைக்கும் காஞ்சிபுரத்தை அடுத்து, 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 2002 முதல் 2020 வரை அது நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் பயின்ற பெண் பிள்ளைகள், ஆண்களே ஆடிவந்த மேடையில் ஏறினார்கள். பாட்டைக் கைவிடாமலே நிகழ்ந்த மாற்றம் இது. இதற்கு நம் நாடக வரலாற்றில் ஒரு பத்தியாவது உண்டா?

அடுத்த பருவத்தில் நாடகப் பாடத்தை அந்த மாணவரின் தந்தையிடமிருந்து தொடங்கப்போகிறேன். அவர் பாடட்டும், நான் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொள்கிறேன்.