கூட்டு வணிகத்தில் உழைக்கும் பங்காளியின் ஊதியம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் எங்கள் உறுப்பினர்கள் நடத்தும் கூட்டுக் கடைகளில், முதல் போட்டவர் பெரும்பாலும் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறார். கப்பலில் வரும் சரக்கை இறக்கி, கடை திறந்து, கடன் வசூலித்துக் கணக்கு எழுதுபவர் இங்கே இருக்கிறார். இருவருக்கும் நடுவே இருப்பது வாய்ப்பேச்சு, அல்லது வேறு யாருக்கோ எழுதியதைப் பெயர் மட்டும் மாற்றி அச்சிட்ட பார்ட்னர்ஷிப் பத்திரம். அதில் ஊதியம் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. இது உழைப்பவருக்கு இழைக்கப்படும் அநீதி. ஒவ்வொரு பத்திரத்திலும் ஒர்க்கிங் பார்ட்னரின் ஊதியம் எழுதப்பட வேண்டும் என்று சங்கம் கோருகிறது.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13ஆம் பிரிவு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சம பங்கு, வணிகத்தை நடத்தியதற்காக எந்தப் பங்காளியும் ஊதியம் கேட்க முடியாது. ஆண்டு முழுவதும் கடையில் நின்றவருக்கும் இதே விதிதான்.

பத்திரத்தில் எழுதாததால் இருவருக்குமே வரியிலும் இழப்பு. லாபப் பங்கு பங்காளியின் கையில் வரியற்றது. நிறுவனமே செஸ் சேர்த்து 31.2 சதவீதம் கட்டிவிடுகிறது. ஆகவே பங்கு விகிதத்தை எப்படி மாற்றினாலும் வரி குறையாது, ஊதியம்தான் குறைக்கும். 2025-26 நிதியாண்டில் ஊதியம் கழிக்குமுன் 10 லட்சம் லாபம் உள்ள கடையை எடுத்துக்கொள்வோம். முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம் என 7.8 லட்சம் வரை ஊதியமாகக் கழிக்கலாம். வேறு வருமானம் இல்லாத பங்காளிக்குப் புதிய வரி முறையில் அந்தத் தொகைக்கு வரியே வராது. வரி மிச்சம் 2,43,360 ரூபாய். ஊதியத் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இல்லையென்றால் இந்தக் கழிவு கிடைக்காது.

இதைச் சாக்காக வைத்து, கடைப் பக்கமே வராத உறவினரை ஒர்க்கிங் பார்ட்னர் என்று எழுதுவதைச் சங்கம் ஆதரிக்காது. கழிவு உண்மையில் உழைப்பவருக்கு உரியது.

2025 ஏப்ரல் 1 முதல் பங்காளியின் ஊதியமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். மேலே சொன்ன பங்காளிக்கு 78,000 ரூபாய் ரீஃபண்ட் வரும்வரை முடங்கிக் கிடக்கும். சரக்குக்கு முன்பணம் அனுப்பிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கும் தீவு வணிகருக்கு அது கைமுதல். இந்த 20,000 ரூபாய் வரம்பை மத்திய அரசு உயர்த்த வேண்டும்.

உறுப்பினர்கள் அடுத்த நிதியாண்டு தொடங்குமுன் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பத்திரத் தேதிக்கு முந்தைய மாதங்களின் ஊதியத்தை வரித்துறை ஏற்காது.