கழிவுநீர்ப் பாசனம்: உழவருக்குக் கணக்குத் தெரிய வேண்டும்

நகரத்து வீடுகளில் புழங்கும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதம் சாக்கடைக்கே போய்ச் சேருகிறது. கோடையில் ஆறு வறண்டாலும் இந்நீர் வற்றுவதில்லை. ஆகவே, பெருநகரங்களை அடுத்துள்ள சிறு விவசாயிகளுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் ஒரு நல்ல பாசன ஆதாரமே. அதை அருவருத்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வயலில் பாய்ச்சுவதும் சரியன்று.

பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலார் மாவட்டம் இதற்கு நல்ல பாடம். வற்றாத ஆறு இல்லாத அம்மாவட்டம் ஏரிகளையும் ஆழ்குழாய்க் கிணறுகளையும் நம்பியிருப்பது. பெங்களூரில் இரண்டாம் நிலை வரை சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கொண்டுசென்று அங்குள்ள ஏரிகளை நிரப்பி, நிலத்தடி நீரைப் பெருக்கத் திட்டமிடப்பட்டது. 2018 ஜூனில் நீர் வந்தது. அடுத்த மாதமே லட்சுமிசாகரம் ஏரியில் நுரை பொங்கியது. வழக்குத் தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் நீர் மீண்டும் விடப்பட்டு, கிணறுகளில் மட்டம் உயர்ந்தது. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று அங்கு எழுந்த கோரிக்கை நியாயமானதே. இரண்டாம் நிலையில் அங்ககப் பொருள்கள் பெரும்பாலும் நீங்கும். நோய்க்கிருமிகள் முற்றிலும் அழியா. கரைந்துள்ள உப்பும் போகாது.

இந்நீரில் உரச்சத்தும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாகக் கொள்வோம். ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் தேவை. அதில் 4 கிலோ தழைச்சத்து இருக்கும். பத்துத் தண்ணீருக்கு 40 கிலோ. அதாவது ஏறக்குறைய 87 கிலோ யூரியாவுக்குச் சமம். இதை அறியாத விவசாயி வழக்கம்போல மேலுரமும் இட்டால் காசும் வீண். பயிர் இலையாய்த் தழைத்துச் சாயும். பூச்சியும் நோயும் பெருகும். உப்பு மிகுந்த நீரானால் சில ஆண்டுகளில் நிலமே உவராகிவிடும்.

இந்நீரை நேரடியாகப் பாய்ச்சும் இடங்களில் தீவனப் புல், மல்பெரி, பருத்தி, மரப்பயிர்கள் ஏற்றவை. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாக உண்பவற்றைத் தவிர்த்தல் நன்று. ஆண்டுக்கொருமுறை மண் பரிசோதனையும், நல்ல வடிகாலும் இன்றியமையாதவை.

இவையெல்லாம் உழவர் செய்ய வேண்டியவை. நகரம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நீர் பெறும் ஒவ்வோர் ஏரிக்கரையிலும் பலகை வைத்து, உப்பு, தழைச்சத்து, கிருமிகள், கன உலோகங்கள் ஆகியவற்றின் அளவை மாதந்தோறும் உள்ளூர் மொழியில் எழுத வேண்டும். பெங்களூர் குடிப்பது காவிரி நீர்; கோலாருக்குக் கொடுப்பது கழித்த நீர். கொடுக்கும் நீருக்குக் கணக்குக் காட்டுவது சலுகையல்ல, கடமை.