இரைப்பைப் புற்றுநோய்: லேப்ராஸ்கோபியா, திறந்த ஆபரேஷனா? சங்கத்தின் நிலைப்பாடு

இந்தச் சர்ச்சையின் வரலாறு உறுப்பினர்கள் அறிந்ததே. இங்கே விரிக்கத் தேவையில்லை. ‘தழும்பில்லாப் புற்றுநோய் சிகிச்சை’ விளம்பரங்கள் பெருகிவிட்ட பிறகும் வாய்மூடி இருக்கலாகாது என்று செயற்குழு கருதியதால் இந்த அறிக்கை வெளியாகிறது.

இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றுவதில், தேர்ந்த மருத்துவர் செய்யும் லேப்ராஸ்கோபி (துளைவழி ஆபரேஷன்), திறந்த ஆபரேஷனுக்குப் பொதுவாக இணையானது என்பதைச் சங்கம் ஏற்கிறது. ஜப்பானில் அறுவை மருத்துவர் செய்கோ கிடானோ 1991இல் தொடங்கிய முறை இது. தென்கொரியாவில் தொடக்கநிலை நோயாளிகள் 1,416 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தோர் லேப்ராஸ்கோபியில் 94.2%, திறந்த முறையில் 93.3%. நோய் ஆழமாக ஊடுருவியவர்களிடம் சீனாவின் 14 மருத்துவமனைகள் செய்த ஆய்வில், மூன்றாண்டு நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் முறையே 76.5%, 77.8%.

விளம்பரங்கள் இந்த எண்களைச் சொல்கின்றன. யார் கை செய்த ஆபரேஷன் என்பதைச் சொல்வதில்லை.

அந்தக் கொரிய ஆய்வில் சேர, ஒரு மருத்துவர் இரண்டு முறையிலும் தலா 50 ஆபரேஷனாவது முடித்திருக்க வேண்டும். அடுத்து வந்த கொரிய ஆய்வில் அதுவும் போதவில்லை. வெட்டி ஒட்டாத முழு வீடியோவைச் சக நிபுணர்கள் பார்த்துத் தேறிய பிறகே அனுமதித்தார்கள். காரணம் உண்டு. இரைப்பையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களை ஒட்டிக் கிடக்கும் நிணநீர்க் கணுக்களைச் சுத்தமாக எடுப்பதுதான் இந்த ஆபரேஷனின் உயிர். குறைந்தது 16 கணுக்களையாவது எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது உலக அளவுகோல். தழும்பு எவ்வளவு சிறிதானாலும் அந்தக் கணக்கைச் சொல்லாது; பத்தாலஜி ரிப்போர்ட்தான் சொல்லும். ஐம்பது தாண்டிய கைகளின் வெற்றியைக் காட்டி, ஐந்தாவது ஆபரேஷனுக்கு நோயாளியைப் படுக்க வைப்பது மோசடி. இந்தச் சொல்லை மாற்றும்படி சிலர் கேட்டனர், பெரும்பான்மையினர் இசையவில்லை.

துளை சிறிதென்றால் நன்மை பெரிதென்று நம்பியவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு 2018இல் பதில் சொல்லிவிட்டது: அங்கே துளைவழி ஆபரேஷனில்தான் நோய் அதிகம் திரும்பியது, இறப்பும் கூடியது.

மற்றவை சுருக்கமாக. காயத் தொந்தரவு லேப்ராஸ்கோபியில் குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நெதர்லாந்து ஆய்வில் இரு தரப்பாரும் பொதுவாக மருத்துவமனையில் இருந்தது 7 நாள்தான். செலவு இடத்துக்கு இடம் மாறும். முழு இரைப்பையையும் அகற்றுவதில் நிதானம் உசிதம். ரோபோ முறை குறித்து இப்போதைக்குக் கருத்தில்லை.

சங்கம் கேட்பவை இரண்டு. மருத்துவர் இதுவரை செய்த இவ்வகை ஆபரேஷன்களின் எண்ணிக்கை, இயன்றவரை, தமிழில் ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். எடுத்த கணுக்களின் எண்ணிக்கை நோயாளியிடம் எழுத்தில் தரப்பட வேண்டும். இதில் ‘இயன்றவரை’ கிடையாது. மறுக்கும் மருத்துவமனைகளின் முகாம்களுக்கோ கருத்தரங்குகளுக்கோ சங்கம் இனிப் பெயர் தராது.