கண்டம் பண்ணாதீர்கள்

சென்ற மாதம் பெங்களூரில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். மேசைமேல் இருந்த என் ஹெட்போனைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதைக் கண்டம் பண்ணிட்டு ஒரு புளூடூத் வாங்கிக்குங்க. உங்க வயசுக்கு அதுவே போதும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் சொன்ன இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்டம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஸ்டாக் ரிஜிஸ்டரில் பொருளுக்கு எதிரே 'உபயோகத்துக்கு லாயக்கற்றது' என்று எழுதி, கமிட்டியிடம் கையெழுத்து வாங்கி, ஏலத்துக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. ஒரு வருஷம் பதினோரு மின்விசிறிகளை அப்படி எழுதித் தள்ளினேன். ஏலத்தில் எடுத்தவர் பிறகு ஒரு நாள் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன்பது ஃபேனுக்குக் கண்டன்சர் மட்டுந்தான் சார் போயிருந்தது." நாங்கள் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்த ஒன்பது விசிறிகளும் இன்றுவரை என் மனதில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். உடம்பு சரியில்லை என்று பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்ட சொல்தாவுக்கும் சரி, கழித்துக்கட்டிய தளவாடத்துக்கும் சரி, பிரெஞ்சில் ஒரே சொல்தான்: 'ரெஃபோர்மே'. பென்ஷன் வாங்கும் நாம் எல்லாரும் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்கிறது.

இப்போது ஹெட்போனுக்கு வருகிறேன். ஸ்டாக்ஸ் எஸ்.ஆர்.-5. ஜப்பானில் செய்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அங்கேயே தங்கிவிட்ட பெரியப்பா மகன் 1986-இல் லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனார். "தம்பி, பத்திரம். வித்துடாதே" என்றார். அண்ணன் இப்போது இல்லை.

சாதாரண ஹெட்போனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து அந்தப் படலத்துக்கு 230 வோல்ட் ஏற்றப்படும். தகடுகளில் பாட்டின் மின்சாரம் மாறிமாறி வரும்போது ஒரு தகடு படலத்தை இழுக்கும், மற்றது தள்ளும். அவ்வளவுதான். காற்றைப் போன்ற லேசான பொருள் அசைவதால், மாலியின் புல்லாங்குழலில் ஸ்வரத்துக்கு முன்னால் வரும் மூச்சுகூடத் தனியாகக் கேட்கும். ஸ்டாக்ஸ் இந்த வகையை முதன்முதலில் 1960-இல் எஸ்.ஆர்.-1 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வந்தவற்றுக்கு 580 வோல்ட். அவற்றின் பிளக்கில் ஐந்து பின். என்னுடையதில் ஆறு. இந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அந்த ஆறு பின் நுழையவே நுழையாது.

நம்மூர் கடற்கரைக் காற்று இதற்கு ஜன்ம விரோதி. ஈரம் ஏறினால் படலத்தில் ஏற்றிய மின்சாரம் கசிந்துவிடும். ஒரு ஐப்பசி அடைமழையில் இடது பக்கம் மெள்ள மெள்ளக் குறைந்து, ஊமையாகிவிட்டது. வெளியூரில் ஒரு பெரிய கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், திறக்கவில்லை. "உள்ளே போயிடுச்சு சார். பார்ட்ஸ் வராது. கண்டம்தான்." நான் அன்று எழுதிய அதே சொல்.

வீட்டுக்காரி அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கச் சொன்னாள். அரிசித் தூசி உள்ளே போனால் படலம் பாழ் என்று மறுத்துவிட்டேன். மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில், மருந்துப் புட்டிகளிலிருந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பத்து நாள் வைத்தேன். பிறகு பெட்டியில் சொருகி ஒரு ராத்திரி முழுதும் சும்மா விட்டேன். காலையில் இடது பக்கம் பேசியது. போனது ஒன்றும் இல்லை, நனைந்திருந்தது, அவ்வளவுதான். காதுமெத்தை மாவாக உதிர்ந்தபோது பைக் சீட் தைப்பவர் மெல்லிய ரெக்சினில் தைத்துக் கொடுத்தார். முந்நூற்றைம்பது ரூபாய். பெட்டியை மட்டும் நான் திறப்பதில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதற்கு வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர்.

இதன் குறைகளையும் மறைக்க மாட்டேன். பாக்கெட்டில் வைக்க முடியாது. மாட்டிக்கொண்டு பீச்சில் நடக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் பாட்டு கேட்கும். மிருதங்கத்தின் தொப்பியில் கனம் கொஞ்சம் குறைவு. எல்லாரும் இதை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் சொல்லும் புளூடூத்தைக் காதில் வைத்துக்கொள்வது சுலபம்தான். ஆனால் அதற்குள் ஒட்டி மூடிய பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிட்டால், எந்த மெக்கானிக் திறப்பார்? பிறக்கும்போதே கண்டம் என்று எழுதி அனுப்பிய பொருள் அது. அதைப் புதுசு என்கிறோம். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் திறந்து, துடைத்து, தைத்து வேலை செய்வதைப் பழசு என்கிறோம்.

அடுத்தது, "உங்க வயசுக்கு." என் காது பரிசோதனைச் சீட்டு என்னிடமே இருக்கிறது. உச்சத்தில் வரும் கீச்சொலிகள் எனக்குக் கேட்பதில்லை. ஆனால் மனுஷக் குரலின் பெரும்பகுதி அங்கே இல்லை. டெலிபோன்காரர்கள் வெறும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் உலகத்தையே பேச வைத்தார்கள். அந்த எல்லைக்குள் எனக்கு இன்னும் காது இருக்கிறது. பள்ளியில் 'டிக்தே' எழுதியவர்களுக்குத் தெரியும். வாத்தியார் சொன்னது 'தெஸ்யு'வா, 'தெசு'வா என்று உயிரைக் கொடுத்துக் கேட்போம். ஒன்று மேலே, மற்றது கீழே. தப்பாகக் கேட்டால் மார்க் போகும், முட்டியில் அடியும் விழும். அப்படிப் பழகிய காது இது. எதித் பியாஃப் 'ர்' என்று உருட்டும்போது அந்த உருட்டலை இன்றும் எண்ணிச் சொல்வேன். குறைந்துபோன காதுக்கு மட்டமான கருவி போதும் என்பது, பார்வை மங்கியவனுக்கு அழுக்குக் கண்ணாடி போதும் என்பதைப் போல. மிச்சம் இருக்கிற காதுக்குத்தான் நல்லது வேண்டும்.

நவம்பரில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போகிறேன். நீங்களும் போவீர்கள். அதே மழை மாதத்தில்தான் என் ஹெட்போனின் இடது பக்கமும் தணியும். டப்பாவில் வைப்பேன், பத்து நாள் பொறுப்பேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ரேடியோ, ஒரு டேப்ரெக்கார்டர், அப்பாவின் ரெக்கார்டு பிளேயர் கிடக்கும். பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கீழே இறக்குங்கள். விவரம் தெரிந்தவரைக் கொண்டு ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கள். நிஜமாகவே போயிருந்தால் போகட்டும். அந்த ஒன்பது விசிறிகளுக்கு நான் செய்யாததைத்தான் உங்களைச் செய்யச் சொல்கிறேன்.